நள்ளிரவில் திரும்பி வந்த கனவு

படிவம் 4 உயிரியலில் நரம்பு மண்டலப் பாடத்தைத் தொட்டுவிட்ட பத்து பாகாட் மாணவர்களுக்கு அசெட்டில்கோலின் என்ற பெயர் புதிதல்ல. நரம்பு தன் செய்தியைச் சேர்ப்பிக்கப் பயன்படுத்தும் வேதிப்பொருள் அது. நரம்புகள் இப்படி வேதிப்பொருளால் பேசுகின்றன என்பதைச் சோதனை செய்து காட்டியவர் ஓட்டோ லோவி. நினைவாற்றல் ஆய்வுக்கு வழிவிட்ட அந்தக் கண்டுபிடிப்பு, மறதியால் கைநழுவிப் போகப் பார்த்தது என்பதுதான் வேடிக்கை.

லோவி 1873-இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் ஒரு யூத மது வணிகரின் மகனாகப் பிறந்தார். கலை வரலாறு படிக்க ஆசை. வீட்டார் மருத்துவம் படிக்க அனுப்பினார்கள். 1909-இல் ஆஸ்திரியாவின் கிராஸ் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் பேராசிரியரானார்.

நரம்பின் முனையில் ஏதோ ஒரு வேதிப்பொருள் சுரக்கலாம் என்ற எண்ணம் அவருக்கு 1903-லேயே தோன்றியது. ஒரு நண்பரிடம் அதைச் சொன்னார். பிறகு அடியோடு மறந்துவிட்டார். பதினேழு ஆண்டுகள் கழித்து, ஓர் இரவு அதைச் சோதிக்கும் வழி கனவில் வந்தது. விழித்துக்கொண்டு ஒரு துண்டுத் தாளில் கிறுக்கி வைத்தார். காலையில் பார்த்தால் அவர் கையெழுத்தே அவருக்குப் புரியவில்லை! கனவும் நினைவில் இல்லை. அன்று முழுக்கத் தவித்தார்.

மறுநாள் இரவு மூன்று மணிக்கு அதே கனவு மீண்டும் வந்தது. இம்முறை அவர் தாளைத் தேடவில்லை. நேரே ஆய்வுக்கூடத்துக்கு ஓடினார். இரண்டு தவளைகளின் இதயங்களைத் தனித்தனியே உப்புக் கரைசலில் துடிக்க வைத்தார். ஒன்றில் வேகஸ் நரம்பைத் தூண்டியதும் துடிப்பு குறைந்தது. அதைச் சுற்றியிருந்த கரைசலை எடுத்து, நரம்பே இல்லாத மற்ற இதயத்தில் விட்டார். அதுவும் மெதுவானது. நரம்பு எதையோ கரைசலில் கலந்திருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. அந்தப் பொருள்தான் அசெட்டில்கோலின் என்பது பின்னர் உறுதியானது.

அட்ரோபின் கொடுத்தால் அப்பொருள் சுரந்தும் இதயம் அதற்குச் செவிசாய்ப்பதில்லை என்பதையும் லோவி காட்டினார். செய்தி வருகிறது, வாங்குவோர் இல்லை. வாங்கும் அந்த இடங்களை இன்று ஏற்பிகள் என்கிறோம். மூளையிலும் அவை உண்டு. அட்ரோபினின் உறவுப் பொருளான ஸ்கோபோலமின் ஊமத்தையில் இருக்கிறது. மலாய்க்காரர்கள் கெச்சுபோங் என்பார்களே, அதே செடிதான். அதைத் தெரியாமல் தின்றவர்கள் பிதற்றுவதும், நடந்தது எதுவும் நினைவின்றி விழிப்பதும் இதனால்தான்.

மூன்று கிளைப் பாதையில் விடப்படும் சுண்டெலி, சற்று முன் போய்வந்த கிளையை நினைவில் வைத்து வேறு கிளைக்குப் போகும். ஸ்கோபோலமின் கொடுத்து ஏற்பிகளை அடைத்துவிட்டால், போன கிளைக்கே திரும்பத் திரும்பப் போகிறது. குறுகிய கால நினைவுக்கு இந்த ஏற்பிகள் எவ்வளவு தேவை என்பதை ஆய்வாளர்கள் அதிலிருந்து அறிகிறார்கள். அசெட்டில்கோலின் சிதைவதைத் தடுத்தால் அதன் வேலை நீடிக்கும் என்பதும் லோவி கண்டதே. மறதி நோய்க்கு இன்று கொடுக்கும் சில மாத்திரைகள் அந்த வழியில்தான் வேலை செய்கின்றன.

1936-இல் ஹென்றி டேலுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இரண்டே ஆண்டுகளில் நாஜிகள் ஆஸ்திரியாவைப் பிடித்தார்கள். லோவியும் இரண்டு மகன்களும் இரவோடு இரவாகச் சிறை வைக்கப்பட்டனர். கொல்லப்படுவோம் என்றே அவர் எண்ணினார். அப்போதும் மனத்தை அரித்தது, வெளியிடாமல் விட்ட கடைசி ஆய்வு முடிவுதான். காவலரிடம் கெஞ்சி ஓர் அஞ்சலட்டை வாங்கி, அதில் முடிவை எழுதி அறிவியல் இதழுக்கு அனுப்பிய பிறகே நிம்மதியடைந்தார்.

சுவீடன் வங்கியில் இருந்த நோபல் பணத்தை நாஜிகள் சொன்ன வங்கிக்கு மாற்றிக் கொடுத்த பிறகே நாட்டைவிட்டுப் போக விட்டார்கள். 1940-இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1961 டிசம்பர் 25 அன்று, 88-ஆம் வயதில் அந்நகரிலேயே காலமானார்.