ஊட்டியில் வாழ்ந்த ஆஷஸ் வீரர்

ஜார்ஜ்டவுனில் எங்கள் வீட்டிலும் ஐபிஎல் ஓடும். ஆனால், ஆஷஸ் கலசத்தின் மேல் ஒட்டியுள்ள பாட்டில் பெயர் வரும் ஒருவர் ஊட்டியில் போதகராக இருந்தது எனக்கு அண்மையில்தான் தெரிந்தது.

சார்லஸ் தாமஸ் ஸ்டட் 1860இல் இங்கிலாந்தில் பிறந்தவர். தந்தை பீகாரில் அவுரி பயிரிட்டுப் பணம் சேர்த்தவர். சம்பளம் வாங்காமல் ஆடியவர் ஸ்டட். 1882இல் ஆஸ்திரேலியர்களுக்கு எதிராக இரண்டு சதம் அடித்தார். அந்த ஆகஸ்டில் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்துக்குத் தேவை 85 ஓட்டங்கள். அவரையோ பத்தாவது ஆட்டக்காரராக இறக்கினார்கள்! ஒரு பந்தைக்கூட அவர் சந்திக்கவில்லை. மறுமுனையில் விக்கெட்டுகள் சரிந்து, அணி 7 ஓட்டங்களில் தோற்றது. ஆஷஸ் என்ற பெயர் பிறந்தது அந்தத் தோல்வியில்தான்.

1885இல், 24 வயதில், புகழை விட்டுவிட்டுச் சமயப் பணிக்காகச் சீனா சென்றார். தமக்கு வந்த சுமார் 29,000 பவுண்டு சொத்தையும் தானமாகக் கொடுத்துவிட்டார். பிடிபிடிஎன் கடனில் படிக்கும் எனக்கு அதை நினைத்தாலே தலை சுற்றுகிறது. 1900 முதல் 1906 வரை ஊட்டியின் யூனியன் தேவாலயத்தில் போதகர். அதன்பின் காங்கோ.

இங்கேதான் எனக்கு நெருடுகிறது. நோயாளியான மனைவி பிரிசில்லாவை இங்கிலாந்தில் விட்டு 1916இல் கிளம்பியவர், திரும்பவே இல்லை. 1928இல் அவர்தான் காங்கோவுக்குப் போய்க் கணவரைப் பார்த்தார், இரண்டே வாரங்கள். சொத்தைக் கொடுத்தவரை மெச்சுகிறேன். இதை என்னால் மெச்ச முடியவில்லை. பிரிசில்லா மறுவருடமே இறந்தார். ஸ்டட் 1931 ஜூலையில் காங்கோவின் இபாம்பியில் காலமானார்.