பாக்கெட்டுக்குக் கணக்குக் கேட்ட ஆடிட்டர்: ஜே.சி.குமரப்பா வாழ்க்கை வரலாறு

சேக்கிழார் பிறந்த ஊர் குன்றத்தூர். இன்று அந்த வட்டாரம் எங்கும் ஆலைகள். ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்கள் விடியுமுன் பஸ் ஏறுகிறார்கள். அடுப்பு மூட்ட நேரம் இல்லாத வீட்டுக்குக் கைகொடுப்பது பெட்டிக்கடை பாக்கெட்.

பாக்கெட்டின் முன்பக்கத்தில் கோதுமைக் கதிர் இருக்கிறது. பால் குவளை இருக்கிறது. சிரிக்கும் குழந்தையும் இருக்கிறது.

உள்ளே இருப்பது என்ன?

ஆலையில் செய்த உணவைப் பற்றி ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கேள்வியை எழுப்பினார், ஒரு தமிழர். அவர் வைத்தியர் அல்ல. சமையல் நிபுணரும் அல்ல. கணக்குப் பார்க்கும் ஆடிட்டர்!

அவர்தான் ஜே.சி.குமரப்பா.

கோட்டும் சூட்டும்

1892-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் குமரப்பா பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ். லண்டனுக்குச் சென்று ஆடிட்டர் தொழில் படித்தார். பம்பாய்க்குத் திரும்பி அந்தத் தொழிலை நடத்தினார். கை நிறைய வருமானம். நடை, உடை எல்லாம் ஆங்கிலப் பாணி.

1927-ம் ஆண்டு அமெரிக்கா சென்றார். சிரக்யூஸ், கொலம்பியா ஆகிய பல்கலைக்கழகங்களில் படித்தார். சர்க்கார் வரவு செலவையும் இந்தியாவின் வறுமையையும் ஆராய்ந்தார். ஏழை கொடுக்கும் வரி எங்கே போகிறது என்று கணக்குப் பார்த்தார். அந்தக் கணக்கு அவர் மனதை மாற்றியது. குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பா என்பதையே தம் பெயராக்கிக் கொண்டார்.

1929-ம் ஆண்டு மே 9-ந் தேதி, தாம் எழுதிய ஆராய்ச்சியுடன் சபர்மதி ஆசிரமத்துக்குப் போனார். மரத்தடியில் ஒரு கிழவர் சாணம் மெழுகிய தரையில் அமர்ந்து ராட்டை சுற்றிக் கொண்டிருந்தார். அவர்தான் காந்தியடிகள் என்று தெரிந்ததும், உயர்ந்த சூட் கசங்குமே என்று பாராமல் குமரப்பாவும் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அதன் பிறகு அவர் எழுந்து போனது பழைய வாழ்க்கைக்கு அல்ல. கதர் உடுத்தினார். குஜராத்தில் மாதர் தாலுகாவின் கிராமங்களுக்குப் போய் விவசாயிகளின் வரவு செலவை ஆராய்ந்தார். உப்பு சத்தியாக்கிரக காலத்தில் காந்தியடிகளின் பத்திரிகையில் எழுதினார். சிறைக்கும் சென்றார்.

காந்திக்கும் ஒரே கணக்கு!

1934-ம் ஆண்டு பீகாரில் பெரும் பூகம்பம். நிவாரண நிதியின் கணக்கை ராஜேந்திர பிரசாத் குமரப்பாவிடம் ஒப்படைத்தார். தொண்டர்களின் சாப்பாட்டுக்குச் சிறு தொகையே ஒதுக்கப்பட்டிருந்தது. காந்தியடிகளும் அவருடன் இருந்தவர்களும் பாட்னாவுக்கு வந்தார்கள். அவர்கள் செலவை நிவாரண நிதியில் எழுத முடியாது என்று குமரப்பா மறுத்துவிட்டார்!

அதே கண்டிப்பை அவர் உணவிலும் காட்டினார்.

எடுத்தது என்ன? சேர்த்தது என்ன?

அதே ஆண்டு டிசம்பரில் வார்தாவில் அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் தோன்றியது. அதன் செயலாளர் குமரப்பா. கைக்குத்தல் அரிசி, செக்கு எண்ணெய், பனைவெல்லம், தேன் ஆகியவற்றுக்காக அவர் ஊர் ஊராகப் பேசினார்.

ஆலையில் தீட்டிய அரிசி மல்லிகைப் பூப்போல் வெண்மையாக இருக்கும். பார்க்க அழகு. ஆனால் தவிடும் முளையும் போய்விடுகின்றன. அவற்றோடு பி-1 வைட்டமினின் பெரும்பகுதியும் போகிறது. அது குறைந்தால் பெரிபெரி என்னும் நோய் வரும். சத்தை எடுத்துவிட்டு வெண்மைக்கு விலை வாங்குவது நஷ்டக் கணக்கு என்றார், குமரப்பா.

அடுத்து வந்தது வனஸ்பதி.

தாவர எண்ணெயைச் சூடாக்கி, நிக்கல் உலோகத்தின் துணையோடு ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தினால் எண்ணெய் இறுகி நெய்போல் ஆகும். 1937-ம் ஆண்டு டால்டா என்ற பெயரில் அது கடைக்கு வந்தது. பச்சைப் பனைமரப் படம் போட்ட டின். டின் வடிவிலேயே செய்த விளம்பர வண்டி தெருவில் ஓடியது. நெய் வாங்க முடியாத வீடுகள் மகிழ்ச்சியோடு வாங்கின.

காந்தியடிகளும் குமரப்பாவும் இதை எதிர்த்தார்கள். நெய்யில் வனஸ்பதியைக் கலந்து விற்கும் மோசடியும் பெருகியது. 1950-ம் ஆண்டு தடை கேட்டுப் பாராளுமன்றத்தில் மசோதாவும் வந்தது. தடை வரவில்லை. நெய்யிலிருந்து பிரித்துக் காட்ட அதற்கு நிறம் ஏற்றலாம் என்ற யோசனையும் நிறைவேறவில்லை.

வனஸ்பதியில் நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும் என்று விதி செய்தார்கள். வனஸ்பதி கலந்த நெய்யில் அமிலமும் சர்க்கரையும் சேர்த்துக் குலுக்கினால், அந்த நல்லெண்ணெய் சிவந்து காட்டிக் கொடுத்துவிடும்!

பின்னால் வந்த தீர்ப்பு

வனஸ்பதிக்குள் இன்னொரு ஆபத்தும் இருந்தது. அதன் பெயர் டிரான்ஸ் கொழுப்பு. எண்ணெயை அரைகுறையாக இறுகச் செய்யும்போது அது உண்டாகிறது. ரத்தத்தில் கெட்ட கொலஸ்டிராலைக் கூட்டி, நல்ல கொலஸ்டிராலைக் குறைக்கிறது. இதயத்துக்குக் கேடு. விஞ்ஞானிகள் இதைத் தெளிவாகக் காட்டியது 1990-ம் ஆண்டில். அதற்கு முன்பே குமரப்பா மறைந்துவிட்டார்.

2022-ம் ஆண்டு ஜனவரி முதல், உணவில் உள்ள 100 கிராம் கொழுப்பில் டிரான்ஸ் கொழுப்பு 2 கிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது இந்தியாவில் சட்டம்.

டிரான்ஸ் கொழுப்பைப் பற்றிக் குமரப்பா அறிந்திருக்கவில்லை. ஆனால் பளபளப்பைக் கண்டு கணக்கை மூடக்கூடாது என்பதை அறிந்திருந்தார்.

கடைசி நாட்கள்

1942-ம் ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் மீண்டும் சிறைவாசம். ஜபல்பூர் சிறையில் நிலையான பொருளாதாரம் பற்றிய தம் புகழ்பெற்ற நூலை எழுதினார். உடல் நலம் கெட்டது. சுதந்திரத்துக்குப் பின் பதவி நாடவில்லை. மணம் செய்து கொள்ளவும் இல்லை. மதுரை மாவட்டம் கல்லுப்பட்டியில் காந்தி நிகேதன் ஆசிரமத்தில் எளிய வாழ்க்கை நடத்தினார்.

1960-ம் ஆண்டு ஜனவரி 30-ந் தேதி காலமானார். காந்தியடிகள் மறைந்த அதே தேதி!

பின்பக்கத்தைப் பாருங்கள்

குமரப்பாவின் கணக்கு எல்லோரும் போடக்கூடியதுதான். பாக்கெட்டைத் திருப்ப வேண்டும். அவ்வளவே.

உள்ளே அதிகமாக இருக்கும் பொருளையே பட்டியலில் முதலில் அச்சிட வேண்டும் என்பது சட்டம். கோதுமைப் படம் போட்ட பிஸ்கட்டில் மைதா முதலிலும், சர்க்கரையும் பாமாயிலும் அடுத்தும் இருந்தால், உண்மை புரிந்துவிடும். குளுக்கோஸ் சிரப் என்றாலும் அது சர்க்கரைதான். 100 கிராமுக்கு எவ்வளவு சர்க்கரை, எவ்வளவு சோடியம் என்ற கணக்கும் அங்கே உண்டு.

சத்து பானம் என்ற பெயரையும் அப்படியே நம்பக்கூடாது. அப்படி ஒரு வகை உணவுச் சட்டத்தில் இல்லை. அதனால் அந்தத் தலைப்பில் பானங்களை விற்க வேண்டாம் என்று 2024-ம் ஆண்டு இணைய வியாபாரிகளுக்கு மத்திய அரசு அறிவுறுத்தியது.

குன்றத்தூர் பெட்டிக்கடையில் தொங்கும் பாக்கெட்டின் முன்பக்கம் விளம்பரம். பின்பக்கம் கணக்கு. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த தாய் போதும். அந்த வீட்டுக்கு அவளே ஆடிட்டர்!