ஜூடா பெஞ்சமின்

கூர்த்த மதியும் நாவன்மையும் அயராத உழைப்பும் ஒருவரிடத்தில் ஒருங்கே அமைதல் அரிது. அங்ஙனம் அமைந்தவிடத்தும், அவை எப்பணிக்கு உதவின என்பதைக் கொண்டே உலகம் அவரை மதிப்பிடும். இவ்வுண்மையைத் தெளிவாக உணர்த்துவது ஜூடா பெஞ்சமினின் வாழ்க்கை.

மேற்கிந்தியத் தீவுகளுள் செயின்ட் குரோய் என்பது ஒன்று. அது அந்நாளில் டென்மார்க்கு நாட்டிற்கு உரியதாய் இருந்தது. எனினும் போர்க் காரணமாகச் சிலகாலம் ஆங்கிலேயர் கையில் இருந்தது. அக்காலத்தில், 1811-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 6-ஆம் நாள், இலண்டனிலிருந்து குடியேறிய யூதப் பெற்றோர்க்கு மகனாகப் பெஞ்சமின் பிறந்தார். டென்மார்க்கின் ஆட்சி யூதர்க்கு வழிபாட்டுரிமை அளித்திருந்தமையால், வாணிகம் நாடி அவர்கள் அத்தீவுகளில் வாழ்ந்து வந்தனர். அண்டைத் தீவாகிய செயின்ட் தாமசில் 1810-இல் பிறந்த டேவிட் லெவி யூலியும் யூதரே. அவர் 1845-இல் புளோரிடாவின் சார்பில் அமெரிக்க மேலவையில் அமர்ந்தார். பெஞ்சமினும் பின்னர் அவ்வவையை அடைந்தார். ஆனால், அவர்கள் பிறந்த தீவுகளின் கரும்புத் தோட்டங்களிலே ஆப்பிரிக்க மக்கள் அடிமைகளாய் உழன்றனர் என்பதையும் நாம் மறத்தலாகாது.

பெஞ்சமின் குழந்தையாய் இருந்தபோதே அவருடைய குடும்பம் அமெரிக்காவின் தென்பகுதிக்குக் குடிபெயர்ந்தது. தந்தையார் சிறு கடை நடத்தியவர், வறுமை நீங்கவில்லை. ஆயினும் மைந்தனின் அறிவு இளமையிலேயே ஒளிவிட்டது. பதினான்காம் வயதில் அவர் யேல் கல்லூரியில் சேர்ந்தார். ஆனால், இரண்டாண்டுகளில் பட்டம் பெறாமலே வெளியேற நேர்ந்தது. அதனால் அவர் மனம் தளரவில்லை. 1828-இல் நியூ ஆர்லியன்சு நகரை அடைந்து, ஆங்கிலம் கற்பித்துப் பொருளீட்டினார். அந்நகரில் வழங்கிய பிரெஞ்சு மொழியையும் கற்றுக்கொண்டார். 1832-இல் வழக்கறிஞரானார். இரண்டாண்டுகளில், லூயிசியானா நீதிமன்றத் தீர்ப்புகளைத் திரட்டி நண்பர் ஒருவருடன் நூலாக வெளியிட்டார். அவருடைய புகழ் நாடோறும் வளர்ந்தது.

அக்காலத்தில் ஒரு பெரிய வழக்கு அவரிடம் வந்தது. 1841-இல், வர்ஜீனியாவிலிருந்து நியூ ஆர்லியன்சுக்கு அடிமைகளை ஏற்றிச் சென்ற கிரியோல் என்னும் கப்பலில் அவ்வடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். கப்பலைக் கைப்பற்றி, ஆங்கிலேயரின் பகாமா தீவுகளிலுள்ள நாசோ துறைமுகத்துக்குச் செலுத்தி விடுதலை பெற்றனர். அவர்களுடைய உடைமையாளர் காப்பீட்டு நிறுவனங்களிடம் இழப்பீடு கோரினர். நிறுவனங்களின் சார்பில் வாதாடிய பெஞ்சமின், அடிமையும் மனிதனே என்றும், உரிமை வேட்கை அவன் உள்ளத்திலும் இயல்பாகவே கனன்றுகொண்டிருக்கும் என்றும், அடிமைமுறை இயற்கை நீதிக்கு மாறானது என்றும் எடுத்துரைத்தார். வழக்கில் வெற்றி அவர் பக்கமே கிட்டியது.

ஆனால், நீதிமன்றத்தில் நாவினால் நாட்டிய அந்நீதியை அவர் தம் வாழ்வில் நாட்டினாரல்லர். வழக்கறிஞர் தொழிலில் ஈட்டிய செல்வத்தைக் கொண்டு கரும்புத் தோட்டம் ஒன்றை வாங்கினார். அதில் ஏறத்தாழ 140 அடிமைகள் உழைத்தனர். 1848-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அவர் பிறந்த செயின்ட் குரோய் தீவில் அடிமைகள் திரண்டெழ, ஆளுநர் அனைவரையும் விடுவித்துப் பறைசாற்றினார். தாய்த்தீவில் எழுந்த அவ்விடுதலைக்குப் பின்னும் பெஞ்சமின் தென்னாட்டு அடிமைமுறையின் சார்பிலேயே நின்றார்.

1853-இல் அவர் லூயிசியானாவின் சார்பில் மேலவை உறுப்பினரானார். அவ்வாண்டிலேயே தலைமை நீதிமன்ற நீதிபதிப் பதவி தம்மை நாடி வந்தபோதும் அதனை ஏலாது விடுத்தார். யூதர் என்பதற்காகப் பலர் அவரை இழித்துரைத்தனர். பிறப்பினால் தமக்கு நேர்ந்த இழிவை உணர்ந்த அவர், பிறப்பினாலேயே பிறரை அடிமையாக்கும் முறைக்கு அரண் செய்தது பெரிதும் வருந்தத்தக்கது.

1861-இல் தென் மாநிலங்கள் பிரிந்து தனியரசு நிறுவின. உள்நாட்டுப் போர் மூண்டது. தென்னரசின் தலைவர் ஜெபர்சன் டேவிசு, பெஞ்சமினை முதலில் சட்ட அமைச்சராகவும், பின்னர்ப் போரமைச்சராகவும், 1862 முதல் அயல்நாட்டமைச்சராகவும் அமர்த்தினார். ரோவனோக் தீவு வீழ்ந்தபோது, வெடிமருந்துப் பற்றாக்குறையைப் பகைவர் அறியலாகாது எனக் கருதிப் பழி முழுவதையும் தாமே வாய் திறவாது ஏற்றார். 1865-இன் தொடக்கத்தில், படையில் சேரும் அடிமைகளுக்கு விடுதலை அளிக்கலாம் என்று பொதுக்கூட்டத்தில் கூறினார். அறத்தை நாடிய சொல் அன்று அது. தோல்வி நெருங்கியபோது பிறந்த சொல். அதுவும் காலங்கடந்து வந்தது. சில திங்களில் தென்னரசு வீழ்ந்தது.

பெஞ்சமின் மாறுவேடம் பூண்டு புளோரிடாவுக்குத் தப்பிச் சென்றார். அங்கிருந்து சிறு படகில் பிமினித் தீவை அடைந்து, கடற்பஞ்சு ஏற்றிய மற்றொரு படகில் நாசோவுக்குப் புறப்பட்டார். நடுக்கடலில் அப்படகு மூழ்கியது. உடன் கட்டியிருந்த சிறு தோணியில் அவர் தாவி ஏறினார். அத்தோணியில் அவருக்குத் துணையாயிருந்தோர் கறுப்பினத்தவர் மூவர். இருந்த துடுப்போ ஒன்று. அவருடைய உயிரும் அவர்களுடைய உயிரும் அலைகளின் நடுவே ஒரே நிறையாய் நின்றன. ஆங்கிலக் கப்பல் ஒன்று அவர்களைக் காத்தது. பின்னர் அவர் நாசோவை அடைந்தார். கிரியோல் கப்பலின் அடிமைகள் விடுதலை தேடி ஒதுங்கிய அதே துறைமுகம், இப்பொழுது அடிமைமுறையின் அமைச்சருக்கும் புகலிடமாயிற்று.

கியூபா வழியாகச் செயின்ட் தாமசுக்கும், அங்கிருந்து இங்கிலாந்துக்கும் அவர் சென்றார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்து நான்கு, கைப்பொருளோ சிறிது. எனினும் இளைஞரோடு இளைஞராக அமர்ந்து ஆங்கிலச் சட்டம் பயின்றார். ஆங்கிலேயர் ஆட்சியிலிருந்த தீவில் பிறந்தமையால் ஆங்கிலக் குடிமகன் என்னும் உரிமையை அவரால் கோர முடிந்தது. 1866-இல் வழக்கறிஞரானார். 1868-இல் பொருள் விற்பனைச் சட்டம் பற்றி அவர் இயற்றிய நூல் அறிஞர் பலராலும் போற்றப்பெற்றது. அவர் பெயரைத் தாங்கி இன்றும் புதுப்பதிப்புகள் காண்கிறது. 1872-இல் அரசியாரின் வழக்கறிஞர் என்னும் சிறப்பும் கிட்டியது. 1883-இல் அவர் ஓய்வு பெற்றபோது இலண்டன் வழக்கறிஞர்கள் பெருவிருந்தளித்து வழியனுப்பினர். 1884-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள் அவர் பாரிசு நகரில் காலமானார்.

பெஞ்சமின் தம் கடிதங்கள் பெரும்பாலானவற்றை எரித்துவிட்டார், தன்வரலாறும் எழுதிற்றிலர். ஆதலின் அவர் உள்ளம் தம்மைப்பற்றி என்ன தீர்ப்பு வழங்கியது என்பதை அறிவாரிலர். வீழ்ந்தும் எழுந்த அவருடைய ஊக்கம் நாம் பின்பற்றத்தக்கது. உண்மையை அறிந்தும் அதன்படி ஒழுகாத குறை நாம் விலக்கத்தக்கது. அறிவு படகைச் செலுத்தும் துடுப்புப் போன்றது. செல்ல வேண்டிய கரையைக் காட்டுவது அறமேயாகும்.