மூன்று இசைத்தட்டுகள்

இங்கிலாந்துப் பாடலாசிரியர் நிக் டிரேக் 1948இல் பர்மாவின் இரங்கூனில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியம் பயின்று, பட்டம் பெறுமுன்பே இசையை நாடி இலண்டன் சென்றார். முதல் இசைத்தட்டுக்கென அமர்த்தப்பட்ட தேர்ந்த கலைஞரின் பின்னணி இசையில் நிறைவு கொள்ளாமல், கல்லூரி நண்பர் இராபர்ட் கிர்பியிடம் அப்பொறுப்பை அளித்தார்.

மேடையில் பாட்டுக்குப் பாட்டு கித்தாரின் சுருதியை மாற்றுவார். அந்த நீண்ட மௌனத்தை அவையோர் பொறுத்திலர். நாளடைவில் மேடையையே துறந்தார். 1969, 1971, 1972 ஆண்டுகளில் வெளியான மூன்று தட்டுகளும் விலைபோகவில்லை. மூன்றாவதை இரண்டே இரவுகளில், ஏறக்குறையக் குரலும் கித்தாரும் மட்டுமே கொண்டு பதிவு செய்தார். மனச்சோர்வு வாட்ட, 1974இல் தம் 26ஆம் வயதில் பெற்றோர் இல்லத்தில் மறைந்தார்.

1999இல் கார் விளம்பரமொன்றில் அவர் பாடல் ஒலித்தபின் பலரும் அவரைத் தேடிக் கேட்டனர். ஆக்கியவர் காணாத அவையை அம்மூன்று தட்டுகள் கண்டன.