எம்டன் தளபதியும் தேய்ந்துபோன ஒரு பெயரும்

திருவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில், வைத்தியநாத சுவாமி கோயிலுக்குச் சற்றுத் தள்ளி எங்கள் வீடு இருக்கிறது. அதன் பின்கட்டு அறையில் நாற்பதாண்டுகளாக நான் சேர்த்து வைத்திருக்கும் பழைய போர்க்காலப் பொருள்கள் உள்ளன. பித்தளைத் தோட்டா உறைகள், படைவீரர்களின் பதக்கங்கள், தண்ணீர்க் குப்பிகள், தோலுறை கிழிந்த ஒரு தொலைநோக்கி, எந்தக் கப்பலுடையது என்று தெரியாத ஒரு திசைகாட்டி. பெரும்பாலானவை பழைய பாத்திரக் கடைகளில் எடைக்கு எடை வாங்கியவை. ஓய்வுபெற்ற ஆசிரியனுக்கு இது ஒரு பொழுதுபோக்கு.

பார்க்க வருபவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. எம்டன் குண்டு இருக்கிறதா என்பதே அது. இல்லை என்பேன். சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கிறது, போய்ப் பாருங்கள் என்பேன். அவர்கள் முகத்தில் ஏமாற்றம் தெரியும். கண்டிப்பான தந்தையை, அசகாய சூரனை, யாருக்கும் பிடிகொடுக்காத சிறுவனை எம்டன் என்று அழைக்கும் வழக்கம் நூறாண்டுக்குப் பின்னும் தமிழில் இருக்கிறது. ஒரு போர்க்கப்பலின் பெயர் ஒரு மொழியின் அன்றாடப் பேச்சில் இப்படிக் கலந்துபோனது வியப்புக்குரியது. ஆனால் அக்கப்பலைச் செலுத்திய மனிதர் யார் என்று கேட்டால் பலருக்கும் தெரிவதில்லை. போர் நினைவுப் பொருள்களைச் சேர்க்கும் எனக்கு அவருடைய வாழ்க்கை ஒரு பாடமாகவே அமைந்தது.

கார்ல் ஃபான் முல்லர் 1873 ஜூன் 16 அன்று ஜெர்மனியின் ஹனோவர் நகரில் பிறந்தார். தந்தை பிரஷ்யத் தரைப்படையின் கர்னல். மகனும் முதலில் இராணுவப் பள்ளியில்தான் சேர்ந்தார். பின்னர் 1891-இல் கடற்படைக்கு மாறினார். இளம் அதிகாரியாகக் கிழக்காப்பிரிக்கக் கரையில் பணிபுரிந்தபோது மலேரியா அவரைப் பற்றிக்கொண்டது. அந்நோய் வாழ்நாள் முழுவதும் அவரை விட்டு நீங்கவில்லை. அதிகம் பேசாதவர் என்றும், கணக்குப் பார்த்தே அடியெடுத்து வைப்பவர் என்றும் அவரோடு பணியாற்றியவர்கள் பதிவு செய்துள்ளனர். பெர்லினில் கடற்படைத் தலைமையகத்தில் பணியாற்றிய பின், 1913-இல் எம்டன் கப்பலின் தலைமை அவருக்குக் கிடைத்தது. சீனக் கரையில் ஜெர்மனியின் வசமிருந்த சிங்தாவ் துறைமுகமே அக்கப்பலின் தளம்.

1914 ஆகஸ்டில் உலகப் போர் மூண்டது. கிழக்காசியாவில் இருந்த ஜெர்மானியக் கப்பல் அணி பசிபிக் கடலைக் கடந்து தாயகம் திரும்ப முடிவு செய்தது. அணித் தலைவர் ஃபான் ஸ்பேயிடம் முல்லர் ஒரு மாற்று யோசனையை முன்வைத்தார். ஒரேயொரு கப்பல் தனித்து இந்தியப் பெருங்கடலுக்குள் நுழைந்தால், பிரிட்டனின் வணிகப் பாதை முழுவதையும் நிலைகுலையச் செய்யலாம் என்பது அந்த யோசனை. அது ஏற்கப்பட்டது. எம்டனுக்கு மூன்று புகைபோக்கிகள். முல்லரின் ஆட்கள் மரத்தாலும் கித்தான் துணியாலும் நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியை நிறுத்தினர். தொலைவிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது பிரிட்டிஷ் கப்பலாகவே தோன்றியது.

செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் வங்கக் கடலில் அவருடைய வேட்டை தொடங்கியது. அடுத்தடுத்து வணிகக் கப்பல்கள் பிடிபட்டன. பிடித்த கப்பலிலிருந்து மாலுமிகளையும் பயணிகளையும் முதலில் இறக்கிவிட்டு, அதன் பின்னரே கப்பலை மூழ்கடிப்பது அவர் கடைப்பிடித்த முறை. அப்படி இறக்கப்பட்டவர்களை, பிடிபட்ட மற்றொரு கப்பலில் ஏற்றிப் பாதுகாப்பாகக் கரைக்கு அனுப்பினார். பகை நாட்டுச் செய்தித்தாள்களும் அவருடைய கண்ணியத்தைப் பாராட்டி எழுதியது இதனால்தான்.

1914 செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணியளவில் எம்டன் சென்னைத் துறைமுகத்தின் முன் வந்து நின்றது. நகரின் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. முல்லர் பர்மா எண்ணெய் நிறுவனத்தின் எண்ணெய்க் கலங்களைக் குறிவைத்தார். ஏறத்தாழ அரை மணி நேரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகள் பாய்ந்தன. கலங்கள் தீப்பற்றி எரிந்தன; உயர் நீதிமன்ற வளாகச் சுவரிலும் ஒரு குண்டு விழுந்தது. அதைச் சொல்லும் கல்வெட்டு இன்றும் அங்கே உள்ளது. கரையிலிருந்த பீரங்கிகள் பதிலடி கொடுக்கத் தொடங்கியபோது எம்டன் இருளில் மறைந்தது. நகரவாசிகள் மூட்டை முடிச்சுகளோடு ஊரைவிட்டு வெளியேறினர்.

இந்தக் கதையோடு ஒட்டிக்கொண்ட மற்றொரு கதையும் உண்டு. விடுதலை வீரர் செண்பகராமன் பிள்ளை அக்கப்பலில் இருந்தார் என்பது அது. ஆனால் அந்நாள்களில் அவர் ஸ்விட்சர்லாந்தின் ஜூரிச் நகரில் இந்திய விடுதலைக்கான குழுவொன்றை அமைத்து இயங்கிக்கொண்டிருந்தார். அவருடைய தியாகம் பெரியது. அதற்கு இந்தக் கற்பனை தேவையில்லை. பழம்பொருள் சேர்ப்பவனுக்கு இது முக்கியமான எச்சரிக்கை. பொருளைவிட அதைச் சுற்றிப் பின்னப்படும் கதைக்கே சந்தையில் விலை அதிகம். எம்டன் குண்டின் துண்டு என்று சொல்லி இரும்புச் சில்லுகளை என்னிடமே விற்க வந்தவர்கள் உண்டு.

அக்டோபரில் தியேகோ கார்சியா தீவுக்கு எம்டன் சென்றபோது, அங்கிருந்தவர்களுக்குப் போர் மூண்ட செய்தியே எட்டியிருக்கவில்லை. அக்டோபர் 28 அன்று பினாங்குத் துறைமுகத்தில் நுழைந்து ரஷ்யப் போர்க்கப்பலான செம்ச்சுக்கை மூழ்கடித்தார். வெளியேறும் வழியில் எதிர்ப்பட்ட பிரெஞ்சுப் போர்க்கப்பலான முஸ்கேயும் மூழ்கியது. அதில் தத்தளித்தவர்களைத் தண்ணீரிலிருந்து தூக்கிக் காப்பாற்றிய பிறகே அவ்விடத்தை விட்டு அகன்றார்.

நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளில் முடிவு வந்தது. அங்கிருந்த தந்தி நிலையத்தைத் தகர்க்க ஐம்பது பேரைத் துணைத் தலைவர் ஃபான் முக்கேயுடன் கரைக்கு அனுப்பியிருந்த நேரத்தில், ஆஸ்திரேலியக் கடற்படையின் சிட்னி என்னும் கப்பல் வந்து சேர்ந்தது. சிட்னியின் பீரங்கிகள் பெரியவை. அவை எட்டும் தொலைவும் அதிகம். எம்டன் சிதைந்தது. மூழ்கினால் எல்லோரும் மாள்வர் என்பதால், முல்லர் கப்பலை வடகீலிங் தீவின் பவளப் பாறைமேல் ஏற்றினார். அவருடைய ஆட்களில் 130-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதுவரை மொத்தம் 23 வணிகக் கப்பல்கள் அவரிடம் பிடிபட்டிருந்தன.

பிறகு சிறைவாசம். முதலில் மால்டா தீவு; 1916-இல் இங்கிலாந்து. 1917-இல் சுரங்கம் தோண்டி இருபது பேரோடு தப்பினார், மீண்டும் பிடிபட்டார். மலேரியா முற்றியதால் 1918 தொடக்கத்தில் நெதர்லாந்துக்குச் சிகிச்சைக்கு அனுப்பப்பட்டு, அக்டோபரில் தாயகம் திரும்பினார். நாட்டின் மிக உயர்ந்த படைவிருது அவருக்கு அளிக்கப்பட்டது. உடல்நலம் காரணமாக 1919-இல் பணியிலிருந்து விலகி, பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் குடியேறினார். 1920-இல் திருமணம், இரண்டு பெண் குழந்தைகள். மாகாணச் சட்டமன்றத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1923 மார்ச் 11 அன்று, ஐம்பது வயது நிறையும் முன்னரே காலமானார்.

இந்த வாழ்க்கையில் என்னைத் தடுத்து நிறுத்திய இடம் போர்க்களத்தில் இல்லை. அது போருக்குப் பின் வருகிறது. எம்டனைப் பற்றிய எதற்கும் உலகெங்கும் அப்போது நல்ல விலை இருந்தது. கோகோஸில் கரையிறங்கிய ஃபான் முக்கே ஒரு பாய்மரக் கப்பலில் தப்பி, அரேபியா வழியாகத் துருக்கியை அடைந்து, 1915-லேயே நூல்கள் வெளியிட்டார். எம்டனில் கிடைத்த மெக்சிகோ வெள்ளி நாணயங்களில் ஆயிரத்தை ஆஸ்திரேலியர்கள் கிரீடம் பொருத்திப் பதக்கங்களாக்கினர். இன்று ஏலங்களில் அவற்றுக்குப் பெரும் போட்டி. எம்டனின் பீரங்கியொன்று சிட்னி நகரின் ஹைட் பூங்காவில் நிற்கிறது. அதன் மணியோ ஆஸ்திரேலியப் போர் நினைவகத்திலிருந்து 1933-இல் திருடப்பட்டு, மண்ணில் புதைக்கப்பட்டு, பின்னர் மீட்கப்பட்டது. இத்தனைக்கும் நடுவில் அக்கப்பலின் தலைவர் மட்டும் தம் அனுபவத்தை நூலாக எழுத மறுத்துவிட்டார். தம் தோழர்கள் சிந்திய குருதியிலிருந்து பணம் ஈட்டுவதாகிவிடும் என்பது அவர் கருதிய காரணம். வறுமையோடும் நோயோடும் ஜெர்மனி அல்லாடிய காலத்தில் எடுத்த முடிவு அது.

இதை முதன்முதலில் படித்த நாளில் என் பின்கட்டு அறைக்குள் போய் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். அங்கே ஒரு வெண்கலப் பதக்கம் இருக்கிறது. முதல் உலகப் போரில் பணியாற்றியவர்களுக்குப் பிரிட்டிஷ் அரசு வழங்கியது. ஒருபுறம் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை. மறுபுறம் குதிரை வீரன். போர்வீரர்களுக்கு அதை வெள்ளியில் கொடுத்தார்கள். சுமை தூக்கவும் சாலை போடவும் போன கூலிப்படையினருக்கு வெண்கலத்தில் கொடுத்தார்கள். இரண்டிலும் விளிம்பில் பெற்றவரின் எண், பெயர், படைப்பிரிவு ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். இந்தப் பதக்கத்தை 1980-களில் இராஜபாளையத்துப் பழைய பாத்திரக் கடையொன்றில், குத்துவிளக்குத் துண்டுகளுக்கு நடுவிலிருந்து எடுத்தேன். அப்போது எனக்கு எதுவும் தெரியாது. வீட்டில் பித்தளை துலக்குவது போலப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். மினுங்கவில்லை என்று பட்டறைக்குக் கொண்டுபோய்ச் சக்கரத்தில் மெருகேற்றினேன். விளிம்பில் இருந்த எழுத்துகள் ஒன்றிரண்டைத் தவிர எல்லாம் தேய்ந்துபோயின. பதக்கம் பொன்போல் ஒளிர்ந்தது. நான் மகிழ்ந்தேன்.

பல ஆண்டுகளுக்குப் பின், பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு மூதாட்டி பேரனோடு வந்தார். அவருடைய தாத்தா மெசபடோமியாவுக்குக் கூலிப்படையில் போனவர், திரும்பவில்லை. வீட்டிலிருந்த பதக்கம் ஒரு பஞ்ச காலத்தில் எடைக்குப் போய்விட்டது. என்னிடம் இருப்பது அதுதானா என்று பார்க்க வந்திருந்தார். தாத்தாவின் பெயர் மட்டும் அவருக்குத் தெரியும். உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து விளிம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஆம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. அவர் பதக்கத்தை உள்ளங்கையில் சற்று நேரம் வைத்திருந்துவிட்டு மேசைமேல் வைத்தார். எடுத்துச் செல்லுங்கள் என்றேன். இன்னொரு வீட்டுக்காரருடையதாக இருந்தால் பாவம் என்று மறுத்துவிட்டார்.

என் மெருகு ஒரு மனிதரின் பெயரை அழித்தது. அந்தப் பெயர் வேறெங்கும் பொறிக்கப்பட்டிருக்கும் என்ற உறுதியும் இல்லை. மெசபடோமியாவில் மாண்டவர்களுக்காக எழுப்பப்பட்ட பாஸ்ரா நினைவுச் சின்னத்தின் சுவர்களில் அதிகாரிகளுக்குப் பெயர் இருந்தது. இந்தியச் சாதாரண வீரர்களுக்கு எண்ணிக்கை மட்டுமே இருந்தது. இத்தகைய பாகுபாடு நிகழ்ந்ததைப் போர்க்கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் ஆணையமே 2021-இல் ஓர் அறிக்கையில் ஒப்புக்கொண்டது. முதல் உலகப் போரில் பணியாற்றிய இந்தியர் பதின்மூன்று லட்சம் பேருக்கு மேல். இறந்தவர் எழுபதாயிரத்துக்கும் மேல். அவர்களில் பலருக்குத் தம் பெயர் உலோகத்தில் எழுதப்பட்ட ஒரே இடம், அந்தப் பதக்கத்தின் மெல்லிய விளிம்புதான்.

எனவே இத்துறையில் இறங்கும் இளைஞர்களுக்குச் சில வேண்டுகோள்கள். பழைய பதக்கத்தைத் தேய்க்காதீர்கள். காலம் பூசிய கருமை அதன் காப்பு. அழுக்கை மென்மையான துணியாலும் காய்ச்சி வடித்த நீராலும் அகற்றி, ஈரமின்றித் துடைத்து வைத்தால் போதும். முதல் வேலையாக விளிம்பிலுள்ள எழுத்துகளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வெடிக்காத குண்டு போலத் தெரியும் எதையும் தொடாமல் காவல் துறைக்குத் தெரிவியுங்கள். எங்கே, யாரிடம் வாங்கியது என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். குடும்பத்தார் தேடி வந்தால் வாங்கிய விலைக்கே கொடுத்துவிடுங்கள். மாவட்ட அருங்காட்சியகங்களும் முன்னாள் படைவீரர் நல அலுவலகங்களும், வீடுகளில் உறங்கும் பதக்கங்களைப் படம் எடுத்துப் பெயர்ப் பட்டியல் தயாரிக்கலாம். பெரிய செலவில்லாத வேலை. பத்தாண்டு தாமதித்தால் சொல்ல ஆளிருக்காது.

எம்டன் என்ற சொல்லில் நாம் கேட்பது அச்சத்தையும் சாமர்த்தியத்தையும் மட்டுமே. சென்னையில் அன்றிரவு மாண்டவர்களின் பெயர்களை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? முல்லருடைய குண்டுகளே அவர்களைக் கொன்றன. அவருடைய கண்ணியம் அந்தக் கணக்கைத் தீர்க்காது. ஆயினும் இறந்தவர்களை விலைபொருளாக்க மறுத்த அந்த ஒரு செயலுக்காக, பகைவராக வந்த அவரை நான் மதிக்கிறேன்.

வெண்கலப் பதக்கம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. மெருகு மங்கி மெல்லக் கருத்து வருகிறது. அதன் அருகில், எஞ்சிய இரண்டு எழுத்துகளையும் அந்த மூதாட்டி சொன்ன பெயரையும் ஒரு சீட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.