தொண்டில் மூத்த தம்பதியர்



பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதல் யாழ்ப்பாணத் தமிழர் பலர் மலாயாவுக்கு வந்தனர். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் முதலிய இடங்களில் இரயில்வே எழுத்தர்களாகவும் அரசாங்க ஊழியர்களாகவும் ஆசிரியர்களாகவும் பணிபுரிந்தனர். அவ்வேலைகளுக்கு அவர்களைத் தகுதியாக்கியது தம் ஊரில் பெற்ற கல்வியே. யாழ்ப்பாணத்தில் அக்கல்வி வேரூன்ற உழைத்தவர்களுள் லேவி ஸ்போல்டிங், மேரி ஸ்போல்டிங் என்னும் அமெரிக்கத் தம்பதியரும் அடங்குவர்.

லேவி, 1791ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூ ஹாம்ப்சயர் மாநிலத்தில் பிறந்தார். கல்லூரிப் படிப்பையும் சமயக் கல்வியையும் முடித்தபின், 1818இல் மேரி அம்மையாரை மணந்தார். மறு ஆண்டு ஜூன் மாதத்தில் இருவரும் பாஸ்டன் துறைமுகத்தில் பாய்மரக் கப்பலேறினர். நான்கு மாதங்களுக்கு மேல் கடலிற் பயணம் செய்து கல்கத்தாவை அடைந்து, 1820இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தனர்.

அவ்வாண்டிலேயே, இலங்கையை ஆண்ட ஆங்கில அரசு, அமெரிக்கப் பாதிரிமார் இனிப் புதிதாக வரக்கூடாது எனத் தடை விதித்தது. 1833 வரை அத்தடை நீடித்தது. ஆகவே, முன்னரே வந்திருந்த சிலரே எல்லாச் சுமையையும் தாங்க வேண்டியதாயிற்று. மானிப்பாய், தெல்லிப்பழை ஆகிய ஊர்களில் பணியாற்றிய இத்தம்பதியர், 1833இல் உடுவிலில் குடியேறினர். பின்னர் வாழ்நாள் இறுதிவரை அவ்வூரே அவர்களது இல்லமாயிற்று.

உடுவிலில் ஹாரியட் வின்ஸ்லோ அம்மையார் 1824இல் தொடங்கிய பெண்கள் விடுதிப் பள்ளி ஒன்று இருந்தது. 1833இன் தொடக்கத்தில் அவர் காலமானார். பள்ளியைக் காக்கும் பொறுப்பு மேரி அம்மையாரை வந்தடைந்தது. பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று ஊரார் எண்ணிய காலம் அது. மேரி அம்மையார் அம்மாணவியரோடு ஒரே வளவில் வாழ்ந்து, அவர்தம் கல்வியையும் நலத்தையும் நாள்தோறும் கவனித்து வந்தார். 1840இல் எலிசா அக்னியூ அம்மையார் வந்து தலைமையாசிரியர் பொறுப்பை ஏற்றார். அவர் காலத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் அப்பள்ளியில் பயின்றனர். பயின்றவர்கள் தாய்மாராகித் தம் புதல்வியரையும் அங்கேயே அனுப்பினர்.

லேவி, போதனையோடு தமிழ்ப் பணியும் ஆற்றினார். நல்லூரிலிருந்த நைட் பாதிரியார் தமிழ்ச் சொற்களைத் திரட்டி வந்தார். பணி முடியுமுன் அவர் மறைந்தார். லேவி அதனைத் தொடர்ந்தார். சந்திரசேகர பண்டிதர் முதலிய தமிழறிஞர்களின் உழைப்பால் 1842இல் யாழ்ப்பாண அகராதி அச்சாயிற்று. மானிப்பாய் அகராதி என்றும் வழங்கும் அந்நூலில் ஏறத்தாழ 58,500 சொற்கள் இருந்தன. ஆங்கில-தமிழ் அகராதி ஒன்றும் வெளிவந்தது.

இவர்கள் தம் சமயத்தைப் பரப்பவே வந்தனர். அதனை ஊரார் எல்லாரும் ஏற்கவில்லை. சைவத்தைக் காக்க எழுந்த ஆறுமுக நாவலர், 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். கருத்தால் மாறுபட்ட இரு சாராரும் பள்ளிகளையே எழுப்பினர். பயன் பெற்றவர்கள் பிள்ளைகளே!

லேவி 1873இலும், மேரி அம்மையார் 1874இலும் இயற்கை எய்தினர். இளமையில் வந்த அவர்கள், அரை நூற்றாண்டுக்கு மேல் அம்மண்ணில் தொண்டு செய்தனர். பெரும் போர்களை அவர்கள் வெல்லவில்லை. ஒவ்வொரு நாளும் செய்ய வேண்டியதைத் தவறாது செய்தனர், அவ்வளவே. அவர்கள் காத்த பள்ளி, உடுவில் மகளிர் கல்லூரியாக இன்றும் நடைபெறுகிறது.

பெற்றோர்களே! நம் தோட்டங்களிலும் ஒரு காலம் இருந்தது. தாய் பால்மரம் வெட்டச் செல்ல, தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண் பள்ளியை விட்டு நின்றாள். அவள் இழந்த கல்வியை எவராலும் திருப்பித் தர இயலவில்லை. அந்நிலை நம் புதல்வியர் எவர்க்கும் மீண்டும் வாராதிருக்கட்டும்.

மாணவச் செல்வங்களே! நாளும் ஒரு சொல் கற்றாலும் ஆண்டுக்கு முந்நூற்று அறுபத்தைந்து சொற்களாகும். அகராதியும் அவ்வாறே வளர்ந்தது. அறிவும் அவ்வாறே வளரும்.