பரங்கிமலை முதல் மதுரை வரை: கான் சாகிப் யூசுப் கான்

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி கடற்கரை நோக்கிப் போகும் நாம் பரங்கிமலையை நாள்தோறும் கடந்து செல்கிறோம். 1759 பிப்ரவரியில் அந்த மலையைச் சுற்றிக் கடும் போர் நடந்தது. பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டிருந்த நேரம் அது. செங்கல்பட்டுப் பக்கமிருந்து வந்து, பிரெஞ்சுப் படைக்குப் போகும் உணவுப் பொருள்களை மறித்து, அவர்களை ஓயவிடாமல் தாக்கிய சிப்பாய்களின் தலைவர் முஹம்மது யூசுப் கான். மக்கள் அவரைக் கான் சாகிப் என்று அழைத்தனர். அன்று அவருடன் சேர்ந்து போரிட்ட ஆங்கிலேய அதிகாரி பிரஸ்டன்.

இராமநாதபுரம் சீமையின் பனையூரில் பிறந்த மருதநாயகம்தான் இஸ்லாத்தைத் தழுவி யூசுப் கான் ஆனார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. ஆங்கிலேயக் கம்பெனியில் சேர்ந்து, தம் போர்த்திறமையால் சிப்பாய்கள் அனைவருக்கும் தளபதியாக உயர்ந்தார். கம்பெனிக்காகப் பூலித்தேவர் போன்ற பாளையக்காரர்களை எதிர்த்துப் போரிட்டவரும் இவரே. இதை நாம் மறைக்கக் கூடாது.

மதுரை, திருநெல்வேலி ஆட்சி அவர் கைக்கு வந்தது. கொள்ளையை ஒடுக்கினார், கண்மாய்களைச் செப்பனிட்டார், மீனாட்சி அம்மன் கோயிலுக்கு நின்றுபோயிருந்த மானியத்தை மீண்டும் வழங்கினார். குடிமக்கள் நிம்மதியடைந்தனர். ஆற்காட்டு நவாப் முஹம்மது அலிக்கோ அச்சம் பிறந்தது. அந்நாட்டின் உரிமையாளர் நவாபே, வரியும் அவருக்கே என்று கம்பெனி முடிவு செய்தது. தாம் யாருக்காக வாளேந்தினாரோ அவர்களே தம்மை வெறும் கருவியாக நினைத்ததை யூசுப் கான் அப்போதுதான் உணர்ந்தார். 1763-இல் கம்பெனிக்கும் நவாபுக்கும் எதிராகக் கிளம்பினார்.

கம்பெனிப் படையும் நவாபின் படையும் மதுரையை முற்றுகையிட்டன. 1764 ஜூனில் கோட்டைச் சுவரை நோக்கிப் பாய்ந்த படையை நடத்தியவர் அதே பிரஸ்டன். அத்தாக்குதல் முறியடிக்கப்பட்டது, படுகாயமடைந்த பிரஸ்டன் பின்னர் இறந்தார். பீரங்கியால் விழாத கோட்டையைப் பசி வாட்டியது. கூட இருந்தவர்களின் மனமும் மாறியது. அக்டோபர் 13 அன்று தொழுகையில் இருந்தவரை அவர்கள் பிடித்துக் கட்டினர். திவான் சீனிவாச ராவ், பிரெஞ்சுக்காரர் மார்ஷான், பாபா சாகிப் ஆகியோர் அதில் கூட்டு. துரோகத்திற்கு மதம் கிடையாது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? அக்டோபர் 15 அன்று அவர் தூக்கிலிடப்பட்டார். மதுரை சம்மட்டிபுரத்தில் அவருடைய அடக்கத்தலம் இருக்கிறது.

பரங்கிமலையில் அவர் காப்பாற்றிக் கொடுத்த கோட்டையிலிருந்தே அவரை அழிக்கும் படை புறப்பட்டது. நம் பிள்ளைகளுக்கு அவருடைய வீரத்தோடு இதையும் சொல்லிக் கொடுப்போம்: அல்லாஹ் தந்த திறமை ஓர் அமானிதம். அதை யாருக்காகச் செலவிடுகிறோம் என்று தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். அவர் அதைக் கேட்டபோது காலம் கடந்திருந்தது. ஆனாலும் பணியாமல் நின்றார். அல்லாஹ் அவருடைய பிழைகளைப் பொறுத்தருள்வானாக. ஆமீன்.